உச்சி கை கோத்ததும் ஹிக்ஸ் பிறந்ததும்

நாளும் கிழமையும் பிறக்காத அந்தக் காலத்தில், துகள்கள் எல்லாம் பேசிக்கொண்டே ஓடின. எதற்கும் எள்ளளவும் எடை கிடையாது. எடை இல்லாததால் நிற்கவும் வராது. எல்லோருக்கும் ஒரே வேகம்.

இடக்கையார், வலக்கையார் என்று பிரிந்திருந்த துகள்களில், இடக்கைக்காரி உச்சிக்கு இதனால் பெருங்கவலை. அவள் மகள் மின்னி எப்போதும் ஓரடி முன்னால் ஓடினாள். இருவருக்கும் ஒரே வேகம் என்றால் அந்த ஓரடியை எப்படி எட்டுவது? இதுவரை கூட்டம் நெருக்கியடித்ததால், குட்டி யார் மேலாவது மோதித் திரும்பி வந்துவிடுவாள். இப்போதோ உலகம் விரிந்து, சூடு ஆறி, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இனிப் போனால் போனதுதான்.

"நில்லுடி!" என்று கத்தினாள் உச்சி.

"நிக்கத் தெரியலையேம்மா!" என்று சிரித்தாள் மின்னி.

எதிரே ஒரு வலக்கைக்காரி வந்தாள். இடக்கையாரும் வலக்கையாரும் தொட்டுக்கொள்ளும் வழக்கமே இல்லை. உச்சி யோசிக்கவில்லை. எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயையோ, விடுங்கக்கா! எங்க ஆளுங்க பாத்தா தொலைச்சிருவாங்க!"

"அப்புறம் சேர்ந்தே திட்டு வாங்கிக்கலாம். இப்ப கெட்டியாப் பிடி, கூட்டம் மறுபடி அடைச்சாத்தான் என் பிள்ள திரும்புவா!"

எதிரெதிராக ஓடியவர்கள் கை கோத்ததும் இழுப்பு சமமாகி, இருவரும் நின்றார்கள். உலகத்தில் முதன்முதலாக யாரோ நிற்பதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. "நாமளும் பிடிச்சுத்தான் பாப்போமே!" இடக்கையாரும் வலக்கையாரும் ஜோடி ஜோடியாகக் கை கோத்து, சப்பரத்தைச் சுற்றிய பெருநாள் கூட்டம் போல எங்கும் அடைத்துக்கொண்டார்கள்.

துகள்களுக்கிடையே தூது ஓடும் உடன்பிறப்புகள் நால்வர் அந்த வழியாக வந்தார்கள். நேரன், எதிரன், நடுவன் மூவரும் கூட்டத்தில் வசமாக மாட்டி, கல்லாய்க் கனத்துப் போனார்கள். "யாருப்பா என் காலைக் கட்டினது?" என்று கத்தினான் நடுவன். கடைக்குட்டி ஒளிக்கு மட்டும் யார் கையும் குறுக்கே வரவில்லை. "வரட்டுமா அண்ணே!" என்று ஓடியே போனாள்.

மின்னியும் மாட்டினாள். துளியூண்டு எடைதான். ஆனாலும் இந்தக் கையில் மோதி, அந்தக் கையில் மோதிப் பின்னால் உருண்டு வந்தவளை உச்சி மிஞ்சிய கையால் வாரி அணைத்தாள்.

"அம்மா, நின்னா இப்பிடித்தான் இருக்குமா?"

உச்சிக்குச் சிரிப்பும் அழுகையுமாய் உடம்பே குலுங்கியது. கோத்த கைகள் வழியே அந்தக் குலுங்கல் கூட்டம் முழுக்கப் பரவியது. அதிலிருந்து கொழுகொழுவென்று ஒரு பிள்ளை எழும்பி, எட்டிப் பார்த்து, கண் இமைக்குமுன் மறைந்தும் போனது. இன்றைய விஞ்ஞானிகள் தேடிப் பிடித்த ஹிக்ஸ் துகள் அதுதான்.

அந்தப் பிடி இன்னும் தளரவில்லை. அதனால்தான் பிடிபடாத ஒளி மட்டும் எடையில்லாமல் ஓடுகிறாள், அண்ணன்மார் நாலடி போவதற்குள் களைத்துவிடுகிறார்கள், ஹிக்ஸைப் பார்க்க அந்தக் கூட்டத்தையே பலமாகக் குலுக்க வேண்டியிருக்கிறது. அம்மா மடியில் உட்காரும் அளவுக்குப் பிள்ளைகளுக்கு எடை வந்ததும் அன்றிலிருந்துதான்.