பெத்தணன் வாய்விட்ட பேர்

அந்தக் காலத்தில் செடிக்கும் வாய் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும். துளசி வேண்டுமென்றால் காட்டில் நின்று "துளசி" என்று கத்தினால் போதும். "இங்கிருக்கேன்" என்று குரல் வரும். போய்ப் பறித்துக்கொள்ளலாம். வேண்டாதவன் கூப்பிட்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது செடிகளின் விதி.

மலைக்கு மேலே ஒரு செடி இருந்தது. ஒன்றே ஒன்று. விரலை விரித்த மாதிரி இலை. அதற்கும் ஒரு பேர் இருந்தது. இப்போது அது யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் கதை.

பெத்தணன் கல் சுமப்பவன். பாளையக்காரர் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாகக் கட்டினார். பெத்தணனின் முதுகு வளைந்ததுதான் மிச்சம். படுத்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஒருநாள் மலையில் விழுந்து கிடந்தவனைப் பார்த்து அந்தச் செடிதான் சொன்னது: "நாலு இலை கிள்ளிக்கோ. காயவச்சுப் புகையா இழு. வலி கொஞ்சம் தள்ளி நிக்கும்." தன் பேரையும் சொன்னது.

அவனுக்குத் துணை ஒரு கரடி. அதற்கும் இடுப்பு வலி, தேன் எடுக்கப் போய் விழுந்தது. இருவரும் பாறை மேல் உட்கார்ந்து களிமண் சிலும்பியில் இழுப்பார்கள். ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சிலும்பி கைக்கு வந்ததும் நெற்றியில் தொட வேண்டும். செடியின் பேரைச் சொல்ல வேண்டும். "வந்தேன்" என்று செடி சொல்லும். அதன் பிறகுதான் இழுப்பு. தின்கிற சோற்றுக்குச் சொல்கிற மரியாதை மாதிரி. பேர் சொல்லாமல் இழுத்தால் கரடி முதுகில் ஒன்று வைக்கும்.

கல் சுமக்கிற மற்றவர்களும் பெத்தணனிடம் வாங்கி இழுத்தார்கள். பேர் அவர்களுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். பாளையக்காரரின் பல்லக்கு போனபோதும் சிரித்தார்கள். போதாதா?

"எதை இழுத்துட்டு இந்தச் சிரிப்பு? அதை வேரோடு பிடுங்கு" என்று உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலமே கரடி மண்ணோடு செடியைப் பெயர்த்தது. எங்கே ஒளிப்பது? பெத்தணன் ஒரு யோசனை சொன்னான். அரண்மனைக்குப் புளிச்சக்கீரை போகிற தோட்டம். புளிச்சை இலையும் விரல் விரித்துத்தான் இருக்கும். பூக்கிறவரை இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. மோப்பம் பிடிக்கலாமே என்பீர்கள். பக்கத்திலேயே ஆட்டுக்கிடை. போய்ப் பிடித்துப் பாருங்கள்.

நட்டுவிட்டு வரும்போது கரடி சொன்னது: "இனிமே பேரை வாயில எடுக்காதே. கூப்பிட்டா அது பதில் சொல்லித் தொலைக்கும். அதால முடியாது, சொல்லாம இருக்க."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன கூறுகெட்டவனா?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

 செடி அவனை நம்பியது.

தலையாரி சங்கிலி மலை முழுக்கத் தேடினான். கடைசியில் தோட்டத்துக்கு வந்தான். இங்கேதான் என்று ஒரு சந்தேகம். ஆனால் தோட்டத்தை அழிக்க முடியாது. புளிச்சைத் துவையல் இல்லாமல் பாளையக்காரருக்குச் சோறு இறங்காது. சங்கிலி முட்டாள் இல்லை. பாறை மேல் இவர்கள் இழுப்பதைத் தூரத்திலிருந்து பலநாள் பார்த்தவன். சிலும்பியை நெற்றியில் தொட்டதும் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறான்.

உச்சி வெயில். வரப்பில் பெத்தணன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல் சுமக்கப் போகிற வழியில், செடி இருக்கிறதா என்று ஒரு பார்வை. சங்கிலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னப்பா பெத்தணா, முதுகு எப்படி?"

"இருக்கு."

"மருந்துதான் போச்சே."

"போச்சு."

"என்ன செய்யச் சொல்றே? உத்தரவு. நானும் புள்ளகுட்டிக்காரன்."

 சங்கிலி இடுப்பிலிருந்து ஒரு சிலும்பியை எடுத்தான். வெறும் புகையிலைதான் அடைத்தான். பற்றவைத்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்தா. இது ஒண்ணும் அது இல்ல. புகையிலை. ஒரு இழுப்பு இழு, கொஞ்சம் தேவலையா இருக்கும்."

வலி. பலநாள் பழக்கம். கை போய் வாங்கியது. சிலும்பி நெற்றியைத் தொட்டது. வாய் பேரைச் சொல்லிவிட்டது.

மூன்றாவது பாத்தியிலிருந்து குரல் வந்தது: "வந்தேன், பெத்தணா."

சிலும்பி கீழே விழுந்து உடைந்தது. "இல்ல, இல்ல, வராதே" என்று கத்தினான். கத்தி என்ன பயன்? மண்வெட்டியோடு தலையாரியின் ஆட்கள் ஓடினார்கள். பெத்தணன் சங்கிலியின் காலைப் பிடித்தான்.

"நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலையே, பெத்தணா" என்றான் சங்கிலி. "நீயாத்தானே சொன்னே."

செடியை வேரோடு இழுத்தார்கள். அது போகும்போது திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். "கூப்பிட்டே. வந்தேன்" என்றது. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த மற்ற செடிகளெல்லாம் பயந்துபோய் வாயை மூடின. இன்னும் திறக்கவில்லை.

கரடி கேள்விப்பட்டு வந்தது. "உன் நாக்குல தீ வைக்க" என்றது. மனிதனோடு அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இப்போது பார்த்தால் அடிக்கத்தான் வருகிறது.

அடுத்த மழைக்கு, பாறை இடுக்கில் விரல் விரித்து ஒரு முளை. குருவி போட்ட விதையாக இருக்கும். பெத்தணன் மண்டியிட்டு உட்கார்ந்தான். இது அதேதானா, அதன் பிள்ளையா? கேட்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவேளை பேசும். கூப்பிடத் துணிச்சல் வரவில்லை. "ஏ, பச்சை" என்றான். "மூலி" என்றான். இலை அசைந்தது. காற்றுதான்.

பிறகு தினமும் போனான். தினமும் வேறு சொல். ஒரே சொல்லை நாலு நாள் சொன்னால் நாக்குப் பழகிவிடும். பழகிய நாக்கை அவன் நம்பவில்லை. கல் சுமக்கிறவர்கள் கேட்டார்கள், "அதுக்கு நிஜப் பேர் என்னய்யா?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கோ. அதை மட்டும் கேக்காதே."

சாகும்போதும் சொல்லவில்லை. பேர் அவனோடு போனது.

அதற்கப்புறம்தான் அந்தச் செடிக்கு ஊருக்கு ஒரு பேர். ஒருத்தன் பொட்டலம் என்பான், ஒருத்தன் புகை என்பான், இன்னொருத்தன் 'அந்தச் சமாச்சாரம்' என்பான். தலையாரி காதில் விழுந்துவிட்டால் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பார்கள். கஞ்சா என்றுகூடச் சொல்கிறார்கள். அதுவும் அதன் பேர் இல்லை. எந்தச் சொல்லுக்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.