கோடிக்கு முந்தின நாள்

கணவர் இறந்த ஒன்பதாம் நாள் பிற்பகலில் அரசி பூதிநங்கை குன்றின் மேல் ஏறினாள். துக்கம் காக்கிறவள் வாசல் தாண்டக்கூடாது. தாண்டிவிட்டாள். இடுப்பில் ஓர் ஓலை செருகியிருந்தது.

குன்றின் நடுவில் ஒரு குகை. அதில் நெடும்பாறைக் குரத்தியார் இருந்தார். சமண நெறியில் துறவு பூண்டு, நாடி வருகிறவர்களுக்கு நெறி சொல்லும் பெண்களைக் குரத்தி என்பார்கள். இவர் அரசியைவிட நாலைந்து வயது இளையவர். ஆனாலும் காலில் விழுவது அரசிதான்.

விழுந்தாள். எழவில்லை.

"எழுந்திரு பூதி. முழங்கால் வலி என்று போன முறை சொன்னாயே."

"அடிகளே, நீங்கள் கொடுத்த விரதத்தை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்."

குரத்தியார் கையிலிருந்த மயிற்பீலியைக் கீழே வைத்தார்.

"எந்த விரதம்?"

"பொய் சொல்லாமை."

பூதிநங்கை வெண்கோட்டு அரச குலத்தில் பிறந்தவள், ஆற்றூர் அரச குலத்துக்கு வாழ வந்தவள். இரண்டு குலங்களும் மூன்று தலைமுறையாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. பதினேழு வயதில் அவளை ஆற்றூர் இளவரசருக்குக் கொடுத்தார்கள். சண்டை நின்றது. கல்யாணத்தன்றே பெரியவர்கள் ஓர் ஏற்பாடும் செய்தார்கள். இனி இரண்டு வீட்டு ஓலைகளும் பெண்ணின் கை வழியாகத்தான் போக வேண்டும், எழுத்தர்கள் நடுவில் புகுந்து கோள் மூட்டக்கூடாது. வெண்கோட்டில் எழுதுவது வட்டெழுத்து. ஆற்றூர் அரண்மனையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அண்ணனின் ஓலையைக் கணவருக்குப் படித்துக் காட்டுவாள். கணவர் சொல்லும் பதிலை அண்ணனுக்கு எழுதுவாள். இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

"நாளை பத்தாம் நாள். அண்ணன் கோடி கொண்டு வருகிறான்" என்றாள் பூதிநங்கை.

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார்தான் புதுப்புடவை போர்த்த வேண்டும். அந்தக் கோடியைப் போர்த்த வேண்டியவன் அவளுடைய அண்ணன். போர்க்களத்தில் அவள் கணவர் மேல் பாய்ந்ததும் அவனுடைய வேல்தான்.

"வரட்டும். வழக்கம்தானே."

"முன்னால் ஓலை வந்திருக்கிறது. கொற்றன் கீழே சுனையடியில் நிற்கிறான். படித்துச் சொன்னால்தான் ஆயிற்று என்கிறான்."

"உன் மகன் கேட்பதில் தப்பு என்ன?"

"ஐம்பது வேலோடு நிற்கிறான் அடிகளே. ஓலையில் நல்ல சொல் இருந்தால் மாமனைக் கரை இறங்க விடுவான். இல்லையென்றால் படகிலேயே குத்திப்போடுவான். மறுநாள் வெண்கோட்டுப் படை முழுக்க ஆற்றைத் தாண்டும். என் பிள்ளைக்கு இருபது வயது. புருஷனைக் கொடுத்தது போதாதா?"

"படி."

அவள் ஓலையைப் பிரித்தாள்.

"'தங்கைக்கு. நாளைக் காலை கோடியோடு வருகிறேன். ஐந்து பேர்தான், ஆயுதம் இல்லை. உன் வீட்டுக்காரன் தன் வாயால் செத்தான். உன் பிள்ளை என் காலில் விழுந்தால் மருமகன். விழாவிட்டால் அப்பன் போன வழி அவனுக்கும் திறந்திருக்கிறது. நீ எதற்கும் பயப்படாதே. அப்பா கட்டிய வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது.'"

அவள் ஓலையை மடியில் வைத்தாள்.

"தலையையும் வாலையும் படித்துவிட்டு நடுவை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்."

"முன்பும் அப்படித்தான் செய்தாயா?"

"பின்னே? அண்ணன் 'அந்தக் கிழட்டு எருமை எப்படி இருக்கிறது' என்று எழுதுவான். 'மாப்பிள்ளை நலமா' என்று படிப்பேன். இவர் மட்டும் என்ன, 'உன் அண்ணன் என்கிற நரிக்கு எழுது' என்பார். 'அண்ணாவை மிகவும் விசாரித்தார்' என்று எழுதுவேன்."

"எருமை மாப்பிள்ளையாகிவிட்டதா?"

பூதிநங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாகிப் போயிற்று.

"போன மழைக்காலத்தில் உங்களிடம் விரதம் எடுத்தேன். அடுத்த மாதமே, கொற்றனுக்குப் பெண் கேட்டு எழுதச் சொன்னார் இவர். அண்ணன் மகளை. பதில் வந்தது. வந்ததை வந்தபடியே படித்தேன்."

"என்ன வந்தது?"

"'ஒரு பெண்ணை உங்கள் வீட்டுப் பாழுங்கிணற்றில் தள்ளியது போதும்.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் படைத்தலைவரைக் கூப்பிட்டார்."

கீழே சுனையடியில் ஒரு குதிரை கனைத்தது. யாரோ அதட்டினார்கள்.

"விரதத்துக்காகத்தான் படித்தாயா?" என்றார் குரத்தியார்.



"விரதம் ஒரு சாக்கு" என்றாள் பூதிநங்கை. "படிக்கும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை அடிகளே. இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி ஒருவர் எழுதிய ஒரே வரி அது. ஒரு தரமாவது சத்தமாகப் படித்துவிட வேண்டும் போல இருந்தது."

குரத்தியார் கண்களை மூடிக்கொண்டார்.

"விரதம் கொடுத்தபோது, உன் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அது என் பிழை. ஓர் அரசரும் எத்தனையோ சேவகர்களும் செத்ததில் எனக்கும் பங்கு உண்டு. விரதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். போ. எப்படி வேண்டுமானாலும் படி."

பூதிநங்கை மறுபடி விழுந்து வணங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓலையைச் சுருட்டிக்கொண்டு குகை வாசலுக்குப் போனாள்.

"பூதி."

"அடிகளே."

"கொற்றனுக்கு ஏன் வட்டெழுத்து சொல்லிக் கொடுக்கவில்லை?"

"அவன் கேட்கவில்லை."

"இப்போதுதானே திரும்ப வாங்கினேன். அதற்குள்ளாகவா?"

பூதிநங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டான். ஏழு வயதில் மணலைப் பரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். இவனும் படித்துவிட்டால் இந்த வீட்டில் நான் எதற்கு என்று இருந்தது."

"நீ செத்த பிறகு யார் படிப்பார்கள்?"

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

படிகளில் காலடி கேட்டது. கொற்றன் மேலே வந்தான். குகைக்குள் ஆயுதம் கூடாது என்பதால் வாளை வெளியே பாறையில் சாய்த்துவிட்டுக் குனிந்து நுழைந்தான். குரத்தியாரை வணங்கினான்.

"பொழுது சாய்கிறது அம்மா. நாலு வரி படிக்க இவ்வளவு நேரமா? மாமா என்ன எழுதியிருக்கிறார்?"

பூதிநங்கை குரத்தியாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓலையைப் பிரித்தாள். படித்தாள். தலை, நடு, வால், ஒரு சொல் விடாமல். நடுவில் குரல் நடுங்கவில்லை. உன் அறை அப்படியே இருக்கிறது என்ற இடத்தில்தான் தடுமாறியது.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரம் படித்தாள். அதேதான் வந்தது.

"இதற்கு முன் வந்த ஓலைகள்?"

"அவையும் இப்படித்தான் இருந்தன. நான் படித்ததுதான் வேறு."

"அப்பா எழுதச் சொன்னவை?"

"அவையும்."

கொற்றன் பாறையில் உட்கார்ந்தான். அவன் பார்வை வெளியே இருந்த வாளுக்குப் போய்த் திரும்பியது.

"எனக்கு எழுதுவாரே அம்மா. பிறந்த நட்சத்திரம் தவறாமல். குதிரையிலிருந்து விழுந்து கை முறிந்து கிடந்தேனே, அப்போதுகூட. 'மருமகப்பிள்ளை, எனக்கும் சின்ன வயதில் இதே கைதான் முறிந்தது. எலும்பு கூடிவிடும். அப்புறம் மழை வருவது ஊரில் உனக்குத்தான் முதலில் தெரியும்' என்று. நீங்கள் படிக்கப் படிக்க நான் சிரித்தேன். அப்பாவைக் கொன்றவர் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த மனிதர் வருகிறார். காலையில்கூடப் படைத்தலைவரிடம் சொன்னேன், மாமா ஆத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று."

பூதிநங்கை எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்த தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மாமா எங்கே அம்மா?"

அவன் குரத்தியாரின் பக்கம் திரும்பினான்.

"இதோ நிற்கிறார்" என்றார் குரத்தியார். "நாளைக் காலையில் கோடி வாங்கப் படித்துறையின் கடைசிப் படியில் நிற்பார். இவரைத் தாண்டித்தான் நீ படகுக்குப் போக வேண்டும்."