கொக்கரையூர் சாண்ட்விச்

கொக்கரையூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் அது வெறும் வயிற்றெரிச்சல்.

அந்தப் புத்திசாலிகளுக்கெல்லாம் தலைவர் தெய்வநாயகம். சின்ன வயசிலிருந்தே மனுஷனுக்குச் சாண்ட்விச் பைத்தியம். பம்பாய் போய்ப் புதினாச் சட்னியும் உருளைக்கிழங்கும் அடுக்கினதைத் தின்றார். கல்கத்தாவில் கடுகு மூக்கில் ஏறுகிற கோழி சாண்ட்விச். புதுச்சேரியில் முழ நீள ரொட்டியைப் பிளந்து கொடுத்தார்கள், அதையும் விடவில்லை. கொழும்பில் பாண் என்கிற ரொட்டிக்குள் தேங்காய்ச் சம்பலை வைத்துத் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய நின்றார். காரத்தால் இல்லை.

"ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சாண்ட்விச் இருக்கு. நம்ம ஊருக்கு மட்டும் நாதியில்லையே!" என்று ஏங்கி ஏங்கி ஆள் பாதியாகிவிட்டார். அந்தப் பாதியே நூறு கிலோ இருக்கும்.

ஒருநாள் சென்னையிலிருந்து தமயந்தி அம்மாள் போன் செய்தார். பத்திரிகையில் சாப்பாடு பற்றி எழுதுகிறவர். "ஞாயித்துக்கிழமை வரேன். உங்க ஊர் சாண்ட்விச் புதுசா இருந்தா ஊர்ப் பேரைப் போட்டே எழுதறேன். இல்லேன்னா பக்கத்து ஊருக்குப் போயிடுவேன்."

தெய்வநாயகத்துக்குத் தூக்கம் போயிற்று. தான் ஊரில் ஆரம்பித்திருந்த சாண்ட்விச் சங்கத்து உறுப்பினர்கள் மூன்று பேரையும், அதாவது கோமளா, ஏகாம்பரம், சவரிமுத்து ஆகியோரை, வரிசையாக நிற்க வைத்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. உள்ளே நம்ம ஊர் கத்தரிக்காய்த் துவையல். ருசி பார்க்காம வைக்கக் கூடாது. வச்சது வெளியே தெரியக் கூடாது. கடைசியா கனமா ஒண்ணை மேலே வச்சு அழுத்தணும். என் மானமே உங்க கையிலதான் இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோமளா துவையல் பாத்திரத்தில் ஓரமாக ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். "அமிர்தம்!"

"அக்கா, நீங்க பார்த்தது அந்த ஓரம். இந்த ஓரம் எப்படியோ?" என்றான் ஏகாம்பரம்.

நியாயமான கேள்வி. மறு ஓரத்தை அவனே பார்த்தான். நடுப்பகுதிக்கு யார் ஜவாப்தாரி என்று சவரிமுத்துவுக்குக் கவலை வந்தது. அடியில் உப்பு தங்கியிருக்குமோ என்று கோமளாவுக்கு. மூவரும் பாத்திரத்தை வழித்து நக்கி முடித்தபோது சந்தேகம் துளிகூட மிச்சமில்லை. துவையல் முழுக்கவே அமிர்தம்.

நிம்மதியாக இரண்டு ரொட்டியைச் சேர்த்து மூடினார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"வெளியே தெரியுதா?"

"இத்தனூண்டுகூடத் தெரியல."

"எதுக்கும் ஒரு தடவை திறந்து பார்த்துடலாமா?"

"ஏண்டா, திறந்தா தெரிஞ்சிடுமேடா! தலைவர் என்ன சொன்னாரு?"

திறக்கவில்லை. அடுத்து, கனமான பொருள். அம்மிக்கல்லா ஆட்டுக்கல்லா என்று வாதம் முற்றியது. சட்டென்று மூன்று பேரும், சத்தம் கேட்டு உள்ளே வந்த தெய்வநாயகத்தைப் பார்த்தார்கள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊருக்காக இதுகூடச் செய்யமாட்டேனா!" சாண்ட்விச்சை வாழையிலையில் நன்றாகச் சுற்றச் சொல்லி, மேலே பலகை போட்டு, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தமயந்தி அம்மாள் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. "மன்னிக்கணும்மா. வேலையில இருக்கேன்."

"சாண்ட்விச் எங்கே?"

தெய்வநாயகம் பணிவாகக் கீழே காட்டினார்.

எத்தனையோ ஊர் பார்த்த அம்மாள் என்பதால் ஓடிவிடவில்லை. அவரை எழுப்பி இலையைப் பிரித்தால், அப்பளமாக ஒரு ரொட்டி. கடித்தார், மென்றார், இரண்டாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். தெய்வநாயகத்தின் வாழ்நாள் ஆசை அந்த அம்மாள் வாயில் கிடந்தது.

"உள்ளே துவையல் ஒண்ணும் தெரியலையே, ஐயா."

தெய்வநாயகம் ஓவென்று அழுதபடி மூன்று பேரையும் கட்டிக்கொண்டார்.

"அடி சக்கை! நான் வெளியேதான் தெரியக் கூடாதுன்னேன். என் தங்கங்கள் உள்ளேயும் தெரியாம வச்சிருக்கே! எந்த பம்பாய்க்காரனால முடியும்?"

அம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, இப்படி ஒரு சாண்ட்விச்சை எங்குமே தின்றதில்லை, கட்டாயம் ஊர்ப் பேரோடு எழுதுகிறேன் என்று சத்தியம் செய்தார்.

தெய்வநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கோமளா, அம்மாவுக்கு இன்னொண்ணு! இந்தத் தடவை துவையலை ரெண்டு மடங்கா வை!" என்று உத்தரவு போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையைத் தேடினார்.