சூசைக்குப் பிடித்த நாடகம்

திருச்சியில் தெய்வசிகாமணி என்று ஒரு பெரிய நாடக நடிகர். மேடையில் சிங்கம்தான், ஆனால் ஒரு வரி வசனம் மனசில் நிற்காது. பக்கத்திரைக்குப் பின்னால் நின்று இருபது வருஷமாக வசனம் எடுத்துக் கொடுத்தே அலுத்துப்போனவர் சூசை.

பாராட்டு விழாவில் நடிகர் மைக்கைப் பிடித்தார். "வசனம் மறந்ததே கிடையாது எனக்கு! என் நாடகம் எல்லாத்தையும் பார்த்தவன் இந்தச் சூசை. மேடைக்கு வாய்யா! பிடிச்சது எது, பிடிக்காதது எது? பொய் சொன்னாலும் வேலை போச்சு, என்னைக் குறை சொன்னாலும் வேலை போச்சு."

சூசை கட்டிப்போன தொண்டையைச் செருமினார்.

"ஐயா ராஜாவா வந்து மூணு மணி நேரம் முழங்குறது பிடிக்காதுங்க. தொண்டை போயிடுது எனக்கு. மௌனச் சாமியாரா வருவீங்களே, அதுதான் பிடிக்கும். அன்னிக்கு மட்டும்தான் நான் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பதில் சொல்ல நடிகர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பழக்கத்தில் பக்கத்திரையைப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

சூசை பெருமூச்சு விட்டு, அவர் காதருகே முணுமுணுத்தார்: "எல்லாருக்கும் நன்றி, வணக்கம்."

"எல்லாருக்கும் நன்றி, வணக்கம்!" என்று முழங்கினார் நடிகர்.