சிவப்புப் புள்ளி

சுயம்புகனியிடம் கம்ப்யூட்டர் வேலை கற்க வந்தவர்களில் அருளப்பனுக்குத்தான் வயது அதிகம். ஐம்பத்து நாலு. குருவுக்கு முப்பத்தேழு. அதனால் என்ன? தெரிந்தவர் குரு.

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ ஓடும் புரோகிராம்களில் பிழை பார்ப்பதுதான் தொழில். அன்று வந்தது அந்தமான் பக்கம் ஒரு தீவின் படகு டிக்கெட் கவுன்டர். சில சீட்டுகளில் பயணியின் பெயர் விழுவதில்லை. ஏன் என்று பார்க்க வேண்டும்.

அருளப்பன் புரோகிராம் வரிகளைக் காட்டும் எடிட்டரைத் திறந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை இங்கிருந்தே பிடித்தார். ஒரு வரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். ஓட்டம் அந்த வரிக்கு வந்ததும் நின்றது. நின்றதும் உள்ளே இருந்ததெல்லாம் திரையில் தெரிந்தது. பெயர், வயது, இருக்கை எண். எல்லாம் அசையாமல்.

அவருக்குச் சந்தோஷம். ஒவ்வொன்றாகப் படித்தார். இருபது நிமிடம்.

போன் அடித்தது. தீவுக் கவுன்டர்க்காரர்.

"யோவ், என்னய்யா பண்றீங்க அங்க? ஸ்கிரீன் செத்துக் கிடக்கு. கடைசிப் படகு போயிருச்சு. பதினோரு பேரு என் சட்டையைப் பிடிக்கிறாங்க."

சுயம்புகனி எழுந்து வந்து புள்ளியை எடுத்தாள். அங்கே மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஆள் நிக்கிற கவுன்டரைப் போய் நிறுத்துவீங்களா சார்?"

"நின்னாத்தான் மேடம் தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. அவங்களுக்குப் படகு போயிட்டு."

அருளப்பன் மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்தார். காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன இருக்கு அதுல?"

"ஒண்ணுமில்ல. அதான்." போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மக ஜெனோவா. கனடாவுல நர்ஸ். மூணு வருஷமாச்சு போயி. தினமும் கூப்பிடுவேன். போன ஞாயித்துக்கிழமை, இனி கூப்பிடாதீங்கப்பான்னுட்டா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? என்ன சாப்பிட்ட, ஏன் மெலிஞ்ச, ரூமைச் சுத்திக் காட்டு மக்களேன்னேன். பஸ் வந்துரும்பான்னா. ஒரு நிமிஷம், முகத்துக்கு நேரா பிடின்னேன்."

"பஸ்?"

"போயிட்டு. மூணாவது தடவையாம். மெமோ குடுத்துட்டாங்க. இன்னொண்ணுன்னா வேலை இல்லியாம்."

"நகருங்க," என்றாள் சுயம்புகனி.

அதே வரியில் வேறொரு குறி வைத்தாள். "இது நிறுத்தாது. இந்த வரியைத் தாண்டும்போது ஒரு பேரும் வயசும் எழுதிட்டுப் போகும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தீவில் அந்தப் பதினோரு பேருக்கும் மறுநாள் படகுக்குச் சீட்டுப் போட்டார்கள். திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. எட்டாவதில் பெயர் இல்லை. அருளப்பனின் விரல் தானாக ஓரத்துக்குப் போனது, புள்ளி வைக்க. சுயம்புகனி அந்தக் கையைப் பார்த்தாள். கை திரும்பி வந்தது.

"வயசைப் படிங்க."

"பூஜ்யம்." முன்னால் குனிந்தார். "கைக்குழந்தை. இன்னும் பேரு வைக்கல!"

"பேரு இல்லாம வந்தா புரோகிராமுக்கு என்ன செய்யன்னு தெரியல. போய்த் திருத்துங்க."

திருத்தினார். பிறகு போனை எடுத்து, நாலு தடவை அழித்து எழுதி, ஒரு வரி அனுப்பினார். 'கூப்பிட மாட்டேன் மக்களே. முடியும்போது எதாவது எழுது.'

டீ ஆறியது. குடிக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'பஸ்ல இருக்கேன்பா. நல்ல பனி.'

அருளப்பன் அதைப் படித்தார். மறுபடி படித்தார். கையுறை போட்டிருக்கிறாளா? போன வாரம் இருந்த இருமல் விட்டதா? உட்கார இடம் கிடைத்ததா? விரல் அழைப்புப் பொத்தான்மேல் நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இவ்வளவு போதுமா மேடம்?"

"போதாது," என்றாள் சுயம்புகனி. "ஓடட்டும்."