பதினொன்றாவது கல்

முனிரத்தினம் தன் வீட்டு முன்வாசலில் போட்ட நடைபாதையில் மொத்தம் இருபத்தொரு கற்கள். அவற்றில் இருபது கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. பதினொன்றாவது கல் மட்டும் மழைக்கு மழை உள்ளே போனது.

அவர் கணக்கு வாத்தியார். எதையும் வரைந்து பார்க்காமல் செய்யமாட்டார். கேட்டிலிருந்து வாசற்படி வரை அளந்து, கட்டம் போட்ட தாளில் பாதையை வரைந்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டார். அரையடி தோண்டி, கிராவல் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார். அதன்மேல் கல்தூள். அதன்மேல் பலகைக்கல். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, மழைத்தண்ணீர் ஓரமாக வடிவதற்கு எத்தனை சரிவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு கல்லாக ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார். இரண்டு கோடை விடுமுறைகள் அதிலேயே போயின.

மனைவி கோவிந்தம்மாள் நடப்பதற்காகத்தான் அத்தனையும். அவளோ ஒருநாள்கூட அதில் கால் வைக்கவில்லை. தெருக்குழாயில் பிடித்த தண்ணீர்க் குடத்தோடு மதில் ஓரமாகச் சேற்றில் இறங்கித்தான் நடப்பாள். அவள் நடந்து நடந்து அங்கே தனியாக ஒரு தடம் விழுந்திருந்தது.

மலையடிவாரத்தில், வேலை நின்றுபோன கல்குவாரிக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகையில் சாலம்மா இருந்தார். முன்பு கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். ஒருநாள் சாந்துச் சட்டியை இறக்கி வைத்தவர் மறுபடி தலையில் ஏற்றவில்லை. இங்கே வந்து உட்கார்ந்தார். மனக்கஷ்டத்தைச் சொல்லிக் கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொன்னார். முனிரத்தினத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இரண்டு வருடங்களாக ஞாயிறுதோறும் முனிரத்தினம் அங்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தார். எதுவும் கேட்டதில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அம்மா, வீட்டு நடைபாதையில ஒரு கல் மட்டும் உள்ளே போயிட்டே இருக்கு."

முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வாத்தியாரே, இது மேஸ்திரிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி" என்றார் ஒருவர்.

சாலம்மா சிரிக்கவில்லை. "எத்தனை தடவை தூக்கி வச்சீங்க?"

"நாலு தடவை."

"அடியில என்ன இருக்கு?"

"கல்தூள்."

"அதுக்கு அடியில?"

"கிராவல்."

"அதுக்கும் அடியில?"

முனிரத்தினம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலம்மா எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஸ்கூட்டர்ல வந்தீங்களா? என்னைக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக் கேட்டருகே கிடந்த ஒரு கூழாங்கல்லைச் சாலம்மா கையில் எடுத்தார். முதல் கல்லின் மேல் குந்தி உட்கார்ந்து, அதைக்கொண்டு தட்டினார். டக். இரண்டாவது கல். டக். மூன்றாவது. டக்.

"நல்லா இடிச்சிருக்கீங்க, வாத்தியாரே. ரெண்டு வேளை டீ குடிக்காம வேலை பார்த்திருப்பீங்க போல."

முனிரத்தினம் சிரிக்க முயன்றார். கூழாங்கல் பதினொன்றாவது கல்லைத் தொட்டது.

டொம்.

சாலம்மா அந்தக் கல்லின் நான்கு மூலையிலும் தட்டினார். நான்கிலும் அதே சத்தம். கூழாங்கல்லைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கோவிந்தம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மதில் ஓரமாகவே சுற்றி வந்தாள்.

"என்னம்மா, கால்ல சேறு படக்கூடாதுன்னு இவர் இப்படி இழைச்சு வச்சிருக்கார். நீங்க சேத்துலயே போறீங்களே?"

"எனக்குச் சேறு போதும்மா."

செம்பை நீட்டக் குனிந்தபோது அவளுடைய தாலிக்கயிறு வெளியே வந்து தொங்கியது. தாலிக்குப் பக்கத்தில் ஒரு சாவி கட்டியிருந்தது. பூட்டுச் சாவி. மஞ்சள் ஏறிப்போயிருந்தது.

"இது எந்தப் பூட்டுக்கு?"

"கிணத்து மூடிக்கு."

"கிணறு எங்கே இருக்கு?"

கோவிந்தம்மாள் முகவாயால் காட்டினாள். சாலம்மா உட்கார்ந்திருந்த கல்லைத்தான் காட்டினாள்.

கோவிந்தம்மாள் யாரும் கேட்காமலே சொன்னாள். பல தடவை சொன்னதைச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"எட்டு வயசும்மா. அமுதினின்னு பேரு. கல்யாணமாகிப் பதினாறு வருசம் கழிச்சுப் பொறந்தவ. அன்னிக்கு விடியக்காலை நான்தான் தண்ணி சேந்தினேன். மூடியில ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்துதான் வாளி விடணும். சேந்திட்டுப் பூட்டினேனா இல்லையா, இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரல. மத்தியானம் போய்ப் பார்த்தா கதவு திறந்து கெடந்துச்சு. உள்ளே..."

நிறுத்தினாள். சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மறந்துடக் கூடாதுன்னு கட்டிக்கிட்டேன். மூணு வருசமாச்சு."

"பூட்டுக்கு ஒரு சாவிதானா?"

"ரெண்டு. இன்னொண்ணு இவர்கிட்ட இருந்துச்சு. இவர் அன்னிக்குக் கிணத்துப் பக்கமே போகலம்மா. இவர் போயிருந்தாலாவது திறந்து கெடக்கிறதைப் பார்த்துப் பூட்டியிருப்பார்."

வெறும் செம்பை வாங்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிப் போனாள்.

முனிரத்தினம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"கிணத்தை எப்படி மூடினீங்க?" என்று கேட்டார் சாலம்மா.

"கைப்பிடிச் சுவரை இடிச்சு உள்ளே தள்ளினேன். அப்புறம் இரும்பு மூடியை. அதுக்கு மேல மண்ணு."

"எத்தனை நாள்ல?"

"ஒரே நாள்ல. அவ மயக்கமாக் கெடந்தா."

"ஒரு சாண் மண்ணு, தண்ணி, திமிசு. மறுபடி ஒரு சாண் மண்ணு. அப்படித்தானே மூடணும்? நடைபாதைக்குச் செஞ்சீங்களே."

"செய்யல."

"மூடி அடிக்குப் போச்சா?"

"இல்லை. சாய்ஞ்சு, இடுப்பு ஆழத்துலயே மாட்டிக்கிச்சு. கம்பி வலை. அதுமேலயே மண்ணைத் தள்ளிட்டேன்."

"மழை பெய்யுறப்ப வலை வழியா மண்ணு கீழே போகுது."

"ஆமா."

"அடியில காலின்னு தெரிஞ்சேதான் நாலு தடவை தூக்கி வச்சீங்களா?"

முனிரத்தினம் குனிந்து அந்தக் கல்லின் விளிம்பைத் தடவினார்.

"பூட்டு எங்கே?"

"மூடியிலயே."

"உங்க சாவி?"

முனிரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"பூட்டுலயே," என்றார்.

அமுதினி இறந்த அன்று காலை பத்து மணிக்கு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. பூட்டியிருந்த அந்தச் சின்னக் கதவை அவர் தன் சாவியால் திறந்து குனிந்து பார்த்தார். வாஷர் போயிருந்தது. பூட்டு கொக்கியில் தொங்க, சாவி பூட்டில் தொங்க, அப்படியே விட்டுவிட்டு வாஷர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். திரும்பியபோது வாசலில் கூட்டம். கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான் பூட்டாம வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைப் பையில் வாஷர் இருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், "நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றார். அந்த ஒரு சொல்தான். நான்காம் நாள் மூடியைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ளியபோது சாவியை மட்டும் உருவி எடுத்திருக்கலாம். அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

முனிரத்தினம் கேட்டார்.

"மேலே ஒரு கான்கிரீட் பலகை போட்டுட்டா நிக்குமா அம்மா?"

"நிக்கும். நல்லாக் கம்பி கட்டிப் போட்டா உங்க ஆயுசுக்கும் அசையாது."

"அப்போ அதையே..."

"அவங்க கழுத்துல இருக்கிற சாவி?"

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது.

முனிரத்தினம் வீட்டின் பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார். சாலம்மா தாம்புக்கயிறு கேட்டு வாங்கினார். ஒரு முனையை முனிரத்தினத்தின் இடுப்பில் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மறுமுனையை முற்றத்துத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"அடியில காலி. பார்த்துத் தோண்டுங்க."

பதினொன்றாவது கல்லை நெம்பிப் புரட்டினார் முனிரத்தினம். அடியில் கல்தூள் ஈரமாக, கிண்ணம்போலக் குழிந்திருந்தது. கிராவலை அள்ளிப் போட்டார். பிறகு கறுப்பு மண். முழங்கால் ஆழம் போனபோது கோவிந்தம்மாள் வாசற்படிக்கு வந்தாள்.

"எதுக்கும்மா தோண்டுறீங்க?"

"கல்லு ஏன் உள்ளே போகுதுன்னு பார்க்கிறோம்," என்றார் சாலம்மா.

கோவிந்தம்மாள் உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. குழி இடுப்பளவு இறங்கியதும் கடப்பாரை இரும்பில் மோதியது. முனிரத்தினம் மண்டியிட்டுக் கையால் மண்ணை விலக்கினார். வலை தெரிந்தது. வலையின் ஓட்டைகளுக்குக் கீழே ஒன்றுமில்லை, இருட்டுத்தான். அதிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. இன்னும் கொஞ்சம் விலக்கினார். சின்னக் கதவின் விளிம்பு வந்தது. கொக்கி வந்தது. பூட்டு வந்தது.

பூட்டு வாய் திறந்தபடி தொங்கியது. அதில் சாவி. சாவியோடு அவருடைய ஸ்கூட்டர் எண் பொறித்த பித்தளை வில்லை. எண்ணை இன்னும் படிக்க முடிந்தது.

அவர் படியைப் பார்த்தார். கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருடைய தோளும் தலையும்தான் தெரியும். கைகள் தெரியாது.

சாவியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. திருகினார். துரு அதைப் பூட்டோடு ஒன்றாக்கியிருந்தது. வில்லையைப் பிடித்து மறுபடி இழுத்தார். விரல் கிழிந்து ரத்தம் வந்ததே தவிர சாவி வரவில்லை.

நிமிர்ந்தார். குழியின் விளிம்பில் சாலம்மா நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

"அம்மா," முனிரத்தினத்தின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "மண்ணைத் தள்ளிடட்டுமா?"

"அந்த மூடியை வெளியே எடுத்தாத்தான் மண்ணு அடி வரைக்கும் போகும். எவ்வளவு கனம் இருக்கும், வாத்தியாரே?"

"புள்ளை தூக்கிடக் கூடாதுன்னு கனமாச் செய்யச் சொன்னேன். ரெண்டு பேர் பிடிக்கணும்."

"தள்ளுறப்போ?"

"தள்ளுறப்போ நான் ஒருத்தன்தான்."

சாலம்மா தலையசைத்தார். முனிரத்தினம் ஒரு கையால் பூட்டை மூடிப் பிடித்தபடி மறுகையை மேலே நீட்டினார்.

"நீங்க ஒரு பக்கம் பிடிச்சீங்கன்னா..."

"நான் கயிறு பிடிச்சிருக்கேன்," என்றார் சாலம்மா. "அவங்களைக் கூப்பிடுங்க."