அரசருக்குப் பதிலாகக் கேட்டவள்

முன்னொரு காலத்தில், குறை சொல்ல வந்த எவரும் அரசர் முன்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்திராத நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரசர் கீர்த்திவளவர் கொடுமைக்காரர் அல்லர். கொடுப்பதில் தாராளம், கேட்பதில்தான் கஞ்சம். எதிரே நிற்பவர் வாயைத் திறந்ததுமே அவருக்கு வேண்டியது என்னவென்று தனக்குத் தெரிந்துவிட்டதாக நம்புவார்.

"மன்னா, எங்கள் ஊர் ஏரி..." என்று ஒருவர் தொடங்கினால், "ஏரி வெட்ட ஆணையிட்டோம்!" என்பார். ஏரி உடைத்துக்கொண்டு வீடு போனதைச் சொல்ல வந்தவர், இன்னொரு ஏரியை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

ஒரு நாள் அஞ்சலை என்ற பெண் சபைக்கு வந்தாள். "என் புருசன்..." என்றாள். அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுகை முட்டியது. அந்த இடைவெளி அரசருக்குப் போதும்.

"ஐயோ, கைம்பெண்! இவளுக்கு ஒரு மூட்டை நெல்லும் ஒரு வெள்ளைச் சேலையும் கொடுங்கள்!"

சபை அவர் கருணையை வியந்து கைதட்டியது. காவலர்கள் மூட்டையை அவள் தலையில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். அரண்மனைப் பல்லக்குத் தூக்கும் அவள் புருஷன் சடையனோ உயிரோடு அரண்மனைச் சிறையில் கிடந்தான்.

பாதியில் வெட்டுப்பட்ட பேச்சு எங்கே போகும்? அது செத்துப்போவதில்லை. நெஞ்சுக்குள் திரும்பிப் போய், மீதியைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும். அடுப்பு ஊதும்போது சொல்லும், தண்ணீர் சேந்தும்போது சொல்லும். கேட்க ஆளில்லாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் தன்னையே சந்தேகப்படும். வாசலில் வெள்ளைச் சேலையோடு நின்ற அஞ்சலைக்கு, புருஷன் நிஜமாகவே செத்துவிட்டானோ என்று ஒரு கணம் தோன்றியதாம். இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

அந்தப் பக்கமாக வந்தாள் சொக்கி. சபையில் விகடம் பேசுவது அவள் வேலை.

"ஏம்மா, நெல் கிடைத்தும் முகம் இப்படி எரிகிறதே?"

"உசிரோட இருக்கிற மனுசனுக்குக் கருமாதி பண்ணிட்டாரு உங்க ராசா! ஒரு வார்த்தைதான்க்கா சொன்னேன். அடுத்த வார்த்தைக்கு விடல. செறையில கெடக்குறவர எப்படிக்கா மீட்பேன்?"

சொக்கி சிரிக்கவில்லை. "பொறுத்துக்கொள். அரசர் பிறந்த நாள் வருகிறது" என்றாள்.

ஒவ்வொரு பிறந்த நாளிலும் அரசர் ஓர் உறுதி எடுப்பார். சூரியன் உதிக்குமுன் எழுவதாக ஒரு வருடம் உறுதி எடுத்தார். அவருக்குப் பதிலாகச் சங்கு ஊதுபவர் எழுந்தார். நெய்யைக் கைவிடுவதாக ஒரு வருடம். சமையற்காரர் நெய் இல்லாமல் இளைத்தார். புண்ணியம் மட்டும் தவறாமல் அரசர் கணக்கில் சேர்ந்தது. இதுதான் அரண்மனை வழக்கம்.

இந்த முறை சொக்கி அவரிடம், "மன்னா, ஏரியைக் கேட்காதவருக்கு ஏரி கிடைக்கிறது. இந்த வருடம் கேட்பது என்ற ஒன்றைப் பழகிப் பார்க்கலாமே" என்றாள். அரசருக்குச் சுருக்கென்றது. மறுகணமே எழுந்து, "இன்றுமுதல் தினமும் ஒரு குடியின் குறையைக் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்போம்!" என்றார்.

தலைமை அமைச்சரான பிரதானி வல்லபர் அவசரமாக எழுந்தார். சடையனைச் சிறையில் தள்ளியவர் அவர்தான். சொக்கியின் மீதும் அவருக்கு வெகுநாள் கோபம்.

"ஆகா! வழக்கப்படி இந்த விரதத்தைத் தங்களுக்குப் பதிலாகச் சொக்கி காக்கட்டும். கொட்டாவி விட்டாலும் அதில் ஒரு கேலி வைப்பவள் அவள். குறை சொல்பவர் நடுவே அவள் வாய் அசைந்தால், நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்" என்றார்.

அரசருக்கு நிம்மதி. "அப்படியே ஆகட்டும்!"

"சம்மதம், மன்னா. ஒரே ஓர் ஆணை மட்டும் வேண்டும்" என்றாள் சொக்கி. "என் காதில் விழுந்தது தங்கள் காதில் விழுந்ததாகும். என் காதில் விழாதது தங்கள் காதில் விழாததாகும். இல்லாவிட்டால் விரதம் தங்களுடையது ஆகாதே."

"நியாயம்தானே" என்று அரசர் முத்திரை இட்டார். பெண்ணுக்குப் பெருமை கேட்கிறது என்று வல்லபர் சிரித்தார்.

மறுநாள் காலை அரசர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போய்விட்டார். சிம்மாசனத்தின் பக்கத்தில் முக்காலி போட்டுச் சொக்கி உட்கார்ந்தாள். அஞ்சலை தன் கதையைச் சொன்னாள். அழுதாள், நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். வல்லபர் செருமினார், இளித்தார், சொக்கியைச் சீண்டிப் பார்த்தார். அவள் உதடு அசையவில்லை.

கதை முடிந்தது. "கேட்டாயிற்று. போகலாம்" என்றார் வல்லபர்.

"பதிலுங்க?"

"கேட்பதாகத்தான் உறுதி. பதில் சொல்வதாக யார் சொன்னது?"

அஞ்சலை திரும்பி நடந்தாள். சொக்கிக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் மேலே வந்தது. அதை விழுங்காமல், துப்பாமல், வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மாலையில் சபை கூடியது. புலவர் அரசரைப் பார்த்துக் கைகூப்பினார். "சூரியனே..."

"இந்தப் பக்கம் திரும்புங்கள், புலவரே" என்று சொக்கி ஆணையை எடுத்துக் காட்டினாள். "என் காதில் விழாதது மன்னர் காதில் விழாததாகும்."

முத்திரையை யார் மீறுவது? புலவர் சொக்கியின் முன்னால் வந்து, "சிங்கமே! மீசையில் புலி உறங்கும் வீரனே!" என்று பாடினார். சொக்கி மேலுதட்டைத் தடவிக்கொண்டு, "ம், மேலே" என்றாள். வீணைக்காரர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சமையற்காரர் இரவுச் சாப்பாட்டை அவள் காதில் ஓதினார்.

"என்ன சொன்னான்?" என்றார் அரசர்.

"தாங்கள்தான் கேட்டுவிட்டீர்களே, மன்னா."

அடுத்த நாளும் அப்படியே. அரசர் கேள்வி கேட்டால் பதில் சொக்கிக்குப் போனது. வல்லபர் மெல்ல வந்து அரசர் காதோரம் குனிந்தார். "பிரதானியாரே, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்" என்றாள் சொக்கி.

அரசர் துள்ளி எழுந்தார். "போதும்! எல்லோரும் பேசுகிறீர்கள், எனக்கு எதுவும் வந்து சேரவில்லை! இங்கே நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே..."

"உட்கார இடம் போதவில்லையா? அடடா! மன்னருக்கு இன்னும் பெரிய சிம்மாசனம் செய்யுங்கள்!" என்றாள் சொக்கி.

அரசர் வாய் திறந்தபடியே இருந்தது. சொல்ல வந்த மீதி தொண்டையில் மீன் முள்போல் குத்தி நின்றது. அவர் வாழ்நாளில் அப்படி ஒன்று அங்கே நின்றதில்லை. விழுங்கிப் பார்த்தார். இறங்கவில்லை.

கடைசியில், "சொக்கி, என் காதைத் திருப்பிக் கொடு" என்றார்.

"தருகிறேன், மன்னா. அதற்குள் விழுந்ததையும் சேர்த்துத்தான் தர முடியும். அஞ்சலையைக் கூப்பிடுங்கள்."

அஞ்சலை வந்தாள். "என் புருசன்..." என்றதும் அரசர் கை தானாக உயர்ந்தது. தோளில் கிடந்த உத்தரீயத்தின் நுனியை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

"...சாகல. உங்க செறையிலதான் இருக்காரு. பிரதானி ஐயாவப் பல்லக்குல தூக்கிட்டுப் போனாங்க. கூடத் தூக்குன ஆளுக்குக் காய்ச்சல், மயங்கி விழுந்துட்டான். இவரு அவனத் தாங்கப் பல்லக்க எறக்குனாரு."

"மன்னா, இவள்..." என்று வல்லபர் எழுந்தார். அரசர் பார்த்த பார்வையில் உட்கார்ந்தார்.

"பல்லக்கு சாஞ்சிருச்சு. ஐயா வழுக்கிப் போயி சேத்துக்குள்ள விழுந்தாரு, தலப்பாகையோட. பாத்தவங்க சிரிச்சுட்டாங்க. அதுக்குத்தான் செறை."

சேற்றில் தலைப்பாகையோடு வல்லபர்! அரசருக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை.

"நீங்க சிரிச்சு முடிச்சதும் அவர விடச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்" என்றாள்.

சிரிப்பு அறுந்தது.

"வல்லபரே, நீரே போய்ச் சிறையைத் திறக்க வேண்டும். சடையன் உம்மிடம் சொல்ல நினைப்பது எதுவானாலும், அவன் முடிக்கும்வரை வாய் திறக்காமல் நிற்க வேண்டும்" என்றார் அரசர். பிறகு அஞ்சலையிடம் திரும்பித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பெண்ணே, அரசன் என்பவன் தன் குடிகளுக்கு..."

அவள் அதற்குள் சிறைப் பக்கம் பாதி தூரம் போயிருந்தாள்.

அரசருக்கே முதுகைக் காட்டிவிட்டாளே என்று சபை பதறியது. அரசர் பாதி வாக்கியத்தோடு நின்றார். மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்; இந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்து. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சொக்கியிடம் நீட்டினார்.

"சொக்கி, இதை நான் உனக்கு ஏன் கொடுக்கிறேன் என்றால்..."

அடுத்த சொல் கிடைக்காமல் தடுமாறினார். சொக்கி வாயை மூடிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.